மதுரையில் பஸ் ஏறுவதும் ரோட்டைக் கடப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் டவுன் பஸ்ஸில் போய் வருகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகிறவர்கள், வயதான பெற்றோரைத் தனியே அனுப்பப் பயப்படுகிறவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. பதில்களில் சட்டமும் கணக்கும் இருக்கின்றன, என் சொந்த அபிப்பிராயமும் இருக்கிறது.

பஸ் பிரச்சினை வேறு, நடைபாதைப் பிரச்சினை வேறு இல்லையா? ஏன் இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்?

பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் முதலில் வீட்டிலிருந்து ஸ்டாப் வரை நடக்கிறார், இறங்கிய பிறகு மறுபடியும் நடக்கிறார். போகும்போது ஸ்டாப் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால், திரும்பி வரும்போது அது ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். ஆக, தினமும் ஒரு தடவையாவது ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அந்தப் பயணத்திலேயே பத்திரமான நேரம். ஆபத்தெல்லாம் முன்னும் பின்னும் இருக்கிற அந்த நூறு மீட்டரில்தான். "புது பஸ் விட்டாச்சு" என்று செய்தி வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். கூடவே, அந்த பஸ் நிற்கிற இடத்துக்கு ஓர் அறுபது வயது அம்மா எப்படிப் போய்ச் சேருவார் என்றும் கேட்டுவிடுகிறேன்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள், அதாவது ஐந்தில் ஒருவர். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள்.

மதுரையில் மட்டும் ஏன் இவ்வளவு நெரிசல்?

ஊர் கட்டப்பட்ட விதம் அப்படி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்காக அமைந்த ஊர் இது. சாமி உலா வரவும் தேர் ஓடவும் ஜனங்கள் நடக்கவும் போட்ட தெருக்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் ஊர் வெளியே பரவியது. மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்கள் அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயர்கள்.

அப்புறம் வைகை. ஊர் இரண்டு கரையிலும் வளர்ந்துவிட்டது, கடப்பதற்கு இருப்பதோ சில பாலங்கள்தான். 1889-இல் திறந்த ஏ.வி. பாலம் இன்னும் பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது. யானைக்கல், ஓபுளா படித்துறை, குருவிக்காரன் சாலை என்று மற்ற பாலங்கள் வந்தும், வடகரையிலிருந்து ஊருக்குள் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி கோரிப்பாளையம், சிம்மக்கல் வழியாகத்தான் இறங்குகிறது. அரசு ராஜாஜி மருத்துவமனையும் அந்தப் பக்கமே இருப்பதால் நோயாளிகள், கூட வந்தவர்கள், ஆம்புலன்ஸ், டவுன் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் ஒரே முனையில் கூடுகின்றன.

2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. திருப்பரங்குன்றம், அவனியாபுரம் போன்ற பகுதிகள் உள்ளே வந்தன. வேலைக்கும் ஜவுளிக்கும் கோயிலுக்கும் அவர்கள் எல்லோரும் வருவது அதே மாசி வீதிகளுக்குத்தான்.

வெளியூர் பஸ் எங்கே ஏறுவது?

தேனி, திண்டுக்கல், பழநி, கொடைக்கானல், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் என்றால் ஆரப்பாளையம். சென்னை, திருச்சி, காரைக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி என்றால் மாட்டுத்தாவணி. ஊருக்குள் போக பெரியார். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்த நிலையம் அது. ஆரப்பாளையத்தில் இறங்கி மாட்டுத்தாவணியில் பஸ் மாற வேண்டியவர்கள் கையில் மூட்டை முடிச்சோடு ஊரைக் குறுக்கே கடக்கிறார்கள். பகலில் டவுன் பஸ் கிடைக்கும். ராத்திரி நேரத்தில் ஆட்டோவுக்கும் சேர்த்துக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அடிபடுகிறார்களே, ஏன்?

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஸ்டாப்பில் ஏற்கனவே இரண்டு ஷேர் ஆட்டோ நிற்கிறது. முன்னால் ஒரு கார். டிரைவரால் பஸ்ஸை ஓரங்கட்ட முடியாமல் இரண்டாவது வரிசையில், கிட்டத்தட்ட நடுரோட்டில் நிறுத்துகிறார். பின்படியில் ஒரு அம்மா இறங்குகிறார். ஒரு கையில் கம்பி, மறு கையில் கட்டைப்பை, பார்வை முழுக்கப் படியின் மேல். பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஆறேழு அடி இடைவெளி. அந்தச் சந்துக்குள் ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்து வருகிறது. அந்த அம்மாவுக்கு பைக் தெரியாது, பைக்காரருக்குப் பஸ்ஸின் படி தெரியாது. இந்த மோதலில் வேகம் குறைவாக இருந்தாலும் இடுப்பெலும்பு உடைந்துவிடுகிறது. அறுபதைத் தாண்டியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அது சின்னக் காயம் இல்லை.

இதில் டிரைவரை மட்டும் திட்டுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு ட்ரிப் நேரம் இருக்கிறது, நிறுத்த இடம் இல்லை. தீர்வு ஸ்டாப்பில்தான் இருக்கிறது. பஸ் நிற்கிற நீளத்துக்குச் சாலையில் மஞ்சள் கட்டம் போட்டு, வேறு எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்த இடங்களில் பிளாட்பாரத்தையே பஸ்ஸின் ஓரம் வரை நீட்டிவிடலாம். அப்படி நீட்டினால் இடப்பக்கம் பைக் புகச் சந்தே இருக்காது, இறங்குகிறவர் நேரே நடைபாதையில் கால் வைப்பார். இதற்குச் செலவு அதிகம் இல்லை, ஒரு மேம்பாலத் தூணுக்கு ஆகிற கான்கிரீட்கூட ஆகாது.

அதுவரை நாம் செய்யக்கூடியது: இறங்கும் முன் இடப்பக்கம், அதாவது பஸ்ஸின் பின்புறம், தலையைத் திருப்பிப் பாருங்கள். இறங்கியதும் பஸ்ஸின் முன்னால் போய் ரோட்டைக் கடக்காதீர்கள். பஸ்ஸை ஒட்டி முந்தி வருகிற வண்டிக்கு உங்களைத் தெரியவே தெரியாது. பஸ் போகட்டும், பிறகு கடக்கலாம்.

ஷேர் ஆட்டோவைத் தடை செய்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. டவுன் பஸ் வராத இடத்துக்கும் நேரத்துக்கும் ஷேர் ஆட்டோதான் போகிறது. பூ மார்க்கெட்டுக்கு விடிகாலையில் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு முப்பது மீட்டர் தள்ளி அவற்றுக்கென்று இடம் ஒதுக்கி, அங்கேதான் ஏற்றி இறக்க வேண்டும் என்று கண்டிப்பாக இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

பிளாட்பாரம் இருந்தும் ஜனங்கள் ரோட்டில்தானே நடக்கிறார்கள்? ஒழுக்கம் இல்லை என்பதுதானே காரணம்?

இந்தக் குற்றச்சாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சொல்கிறவரை ஒரு கிலோமீட்டர் பிளாட்பாரத்திலேயே நடந்து பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் ஒன்றரை அடி ஏறணும். நாலு எட்டு வைத்தால் ஒரு கேட்டுக்குக் கார் இறங்கச் சரிவு. அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். அதைச் சுற்ற ரோட்டில் இறங்கணும். ஏறினால் சாக்கடை மூடி ஒன்று உடைந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்து வரிசையாக பைக்குகள், கடைப் போர்டு, கேபிள் சுருள். முழங்கால் வலி உள்ளவர் இப்படி இருபது தடவை ஏறி இறங்குவாரா? ரோட்டோரமாகவே போய்விடலாம் என்று அவர் எடுக்கிற முடிவில் நியாயம் இருக்கிறது.

இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு நாட்டின் சாலைகளுக்கு வரையறை தருகிறது. 2012-இல் அது வெளியிட்ட நடைபாதை விதிமுறைப்படி, தடங்கல் இல்லாமல் நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும். ஓரக்கல்லின் உயரம் 15 செ.மீ.-ஐத் தாண்டக்கூடாது. அதாவது வீட்டுப் படி ஒன்றின் உயரம்தான். உங்கள் தெரு முனையில் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்த இரண்டு அளவு கையில் இருந்தால் அதிகாரியிடம் பேசுகிற தோரணையே மாறிவிடும்.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது: நடக்கத் தகுந்த நடைபாதை கிடைப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தருகிற வாழ்வுரிமையின் ஒரு பகுதி. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது அமைய வேண்டும் என்றும் சொன்னது. யாரிடமும் சலுகை கேட்பதாக இனி நினைக்க வேண்டியதில்லை.

தள்ளுவண்டி, தரைக்கடை எல்லாவற்றையும் அகற்றினால் இடம் கிடைக்குமே?

2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்து, விற்பதற்கு இடம் ஒதுக்காமல் அவர்களை விரட்ட முடியாது. அது நல்ல சட்டம் என்பது என் கருத்து. ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கோடு ஒரு இட்லிக் கடை இருக்கிற பஸ் ஸ்டாப்பில் பெண்கள் தைரியமாக நிற்கிறார்கள். கடையே இல்லாத இருட்டு ஸ்டாப்பில் நிற்பதில்லை. நடைபாதையை அதிகம் அடைத்திருப்பது நிறுத்திவைத்த பைக்கும் காரும்தான். கடைக்காரர் ஓரமாக இருக்க, நடுவில் 1.8 மீட்டர் விட்டால் இரண்டு பேருக்கும் போதும்.

ஜீப்ரா கிராசிங்கில் யாருக்கு முன்னுரிமை?

நடப்பவருக்கு. 2017-இன் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகள் இதை நேராகச் சொல்கின்றன: கிராசிங்கை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், நடப்பவருக்கு வழிவிட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது கோட்டின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்துவதும் தவறு.

சட்டத்தில் இருப்பது ரோட்டில் நடக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு காரணம் சிக்னலே நடப்பவருக்காக நேரம் ஒதுக்காதது. நாலு பக்கமும் வண்டிக்கு மாறி மாறிப் பச்சை விழுகிறது, கூடவே ஃப்ரீ லெஃப்ட், அதாவது சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்புகிற வண்டிகள். நடப்பவர் எப்போதுதான் போவது? கணக்குப் போடுங்கள். 14 மீட்டர் அகலச் சாலையை நன்றாக நடக்கிறவர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் கடந்தால் 12 நொடி ஆகும். மெதுவாக நடக்கும் முதியவருக்கு 17, 18 நொடி. ஒரு சுற்றில் இருபது நொடி நடப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் யாருடைய வேலையும் கெட்டுப்போகாது. நடுவில் மீடியனை வெட்டி, நின்று மூச்சுவிட ஒரு திட்டு கொடுத்தால் பாதிப் பாதியாகக் கடக்கலாம்.

சப்வேயோ நடைமேம்பாலமோ கட்டிவிட்டால்?

படியேற முடிந்தவர்கள்கூட ஏறுவதில்லை. படியேற முடியாதவர்களுக்குத்தான் உதவி அதிகம் தேவை. வண்டிக்காரர் பிரேக்கில் கால் வைக்க வேண்டாம் என்பதற்காக நடக்கிறவர் இரண்டு மாடி ஏறி இறங்குவது எந்த ஊர் நியாயம்? நான்கு வழிச்சாலையில், ரயில் தண்டவாளத்தின் மேல், வேறு வழியில்லாத இடத்தில் கட்டலாம், லிஃப்டோடு. ஊருக்குள் தரைமட்டத்திலேயே கடக்க வழி வேண்டும்.

மேம்பாலங்கள் வந்த பிறகு நிலைமை தேவலை இல்லையா?

வண்டிக்குத் தேவலை. காளவாசல் மேம்பாலம் வந்தபோது பைபாஸ் ரோட்டில் போகிறவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டது உண்மை. 2023-இல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் 7.3 கி.மீ. நீளம். ஊரை விட்டு வெளியே போகிறவருக்கு நல்ல வசதி.

பாலத்துக்குக் கீழேயும் ஒரு ஊர் இருக்கிறது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், அம்மாவின் கையைப் பிடித்துவரும் சின்னக் குழந்தைகள் எல்லோரும் அங்கே வருகிறார்கள். பஸ்ஸை விட்டு எதிர்ப்பக்கம் இறங்கியவர்கள் தூண்களுக்கு நடுவே கடந்து வர வேண்டும். தூண் பார்வையை மறைக்கும், நடப்பவருக்கும் மறைக்கும், ஓட்டுபவருக்கும் மறைக்கும். பாலத்தின் நிழலில் நல்ல வெளிச்சமும், மேடாக்கிய கிராசிங்கும் ஒவ்வொரு ஸ்டாப் பக்கத்திலும் இருக்க வேண்டும். பாலத்துக்கு எஸ்டிமேட் போடும்போதே இதையும் சேர்த்தால்தான் நடக்கும். பிறகு பார்க்கலாம் என்று விட்டது எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

மெட்ரோ வந்தால் எல்லாம் மாறிவிடும் என்கிறார்களே?

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. என்பது மாநில அரசின் திட்டம். 2025 நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பியது. 2017 மெட்ரோ கொள்கையில் 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்றிருக்கிறது, 2011 கணக்கெடுப்பில் மதுரை அதை எட்டவில்லை என்பது சொன்ன காரணம். பதினைந்து வருடப் பழைய கணக்கை வைத்து இன்றைய மதுரையை அளப்பது சரியில்லை என்பது என் எண்ணம். மெட்ரோ வரட்டும், வர வேண்டும்.

ஆனாலும் அது ஒரே ஒரு தடம். செல்லூர்க்காரருக்கும் விளாங்குடிக்காரருக்கும் அந்தத் தடத்துக்குப் போகவே பஸ்ஸும் நடையும் வேண்டும். நாளைக்கே அடிக்கல் நாட்டினாலும் ஓட வருடங்கள் ஆகும். சரி, அதுவரை என்ன செய்வது? டவுன் பஸ்ஸை நேரத்துக்கு ஓட்டலாம். டி.வி.எஸ். என்ற தனியார் நிறுவனத்தின் பஸ் ஓடிய காலத்தில் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தினார்கள் என்று மதுரையில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் நிச்சயம் வரும் என்று தெரிந்தால், கிளம்புகிற பஸ்ஸைப் பிடிக்க யாரும் ரோட்டின் குறுக்கே ஓட மாட்டார்கள். பஸ்ஸின் நேரம் தவறுவதும் நடப்பவர் அடிபடுவதும் இப்படித்தான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததால் என்ன மாறியது?

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களுடன் வரும் ஒரு துணைக்கும் அப்படியே. வீட்டு வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிறவர்களுக்கு மாதாமாதம் மிச்சமாகிற பணம் பெரிய விஷயம். முன்பு நடந்தே போனவர்கள் இப்போது பஸ் ஏறுகிறார்கள். அப்படியென்றால் ஸ்டாப்பில் நிற்கிற பெண்களும் கூடியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நிழற்குடை, ஒரு விளக்கு, உட்கார ஒரு பெஞ்சு வேண்டும். இன்னொன்று: "ஃப்ரீ டிக்கெட்தானே" என்று ஸ்டாப்பைத் தாண்டிப் போய் பஸ்ஸை நிறுத்துவது, அவர்களை ஓட வைப்பது. அது உயிரோடு விளையாடுவது. வண்டி எண்ணைக் குறித்துப் புகார் செய்யுங்கள்.

ஊருக்குள் 30 கி.மீ. வேக வரம்பு வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறார்கள்? ஊர் நின்றுபோகாதா?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடும். ஓட்டுபவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, பிறகு வண்டி நிற்கக் கொஞ்ச தூரம். மொத்தம் 27, 28 மீட்டர். 30 கி.மீ. வேகத்தில் இது சுமார் 13 மீட்டர்தான். ஒரு குழந்தை இருபது மீட்டர் முன்னால் ரோட்டில் இறங்கினால், ஒரு வண்டி நிற்கும், மற்றது நிற்காது. நெரிசல் நேரத்தில் மாசி வீதியில் யாரும் முப்பதைத் தொடுவதுகூட இல்லை. ராத்திரி காலியாக இருக்கும்போது, வைகைக் கரைச் சாலைகளில், பள்ளி வாசல்களில்தான் இந்த வரம்பு உயிரைக் காக்கும்.

ஊருக்கு வெளியே, நான்கு வழிச்சாலையோரம் நடக்கும்போது?

நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கம், வண்டிகளை எதிர்நோக்கி நடங்கள். தைப்பூசத்துக்குப் பழநி நோக்கி நடக்கிறவர்களும், அழகர்கோவிலுக்கு நடந்து போகிறவர்களும் ராத்திரியில் வெளிர்நிறத் துணி உடுத்தி, பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வது அவசியம். கூட்டமாக நடந்தால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் கையில் டார்ச் இருக்கட்டும்.

யாரிடம் புகார் சொன்னால் நடக்கும்?

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். மாநகராட்சியா, மாநில நெடுஞ்சாலைத் துறையா, தேசிய நெடுஞ்சாலை ஆணையமா? தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் எழுத்திலேயே பதில் கிடைக்கும். "ரோடு மோசம்" என்று எழுதாதீர்கள். "இந்த ஸ்டாப்புக்கு எதிரே இத்தனை மீட்டர் நீளத்துக்கு நடைபாதை இல்லை, ஓரக்கல் உயரம் இவ்வளவு, பள்ளி விடும் நேரத்தில் எடுத்த படம் இது" என்று எழுதுங்கள். 'முதல்வரின் முகவரி' என்ற மாநில அரசின் குறைதீர்ப்புத் துறையில் 1100 எண்ணில் பதிவு செய்யலாம். வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்கலாம். கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அடிக்கடி விபத்து நடக்கிற இடமென்றால் மனு அங்கே போகட்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில், வடிவமைப்புத் தரத்தை மீறிச் சாலை போட்டு அதனால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிடுவது நல்லது.

கண்ணெதிரே ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். உதவினால் போலீஸ் அலைக்கழிப்பார்களா?

மாட்டார்கள், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவுப்படி உதவுகிறவர் பெயர் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். தலை, கழுத்தை அசைக்காமல் வையுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும், காப்பீட்டு அட்டை கேட்கக்கூடாது.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும், பலத்த காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டத்தில் கிடைக்கும். வண்டி எண் தெரிந்தால் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். நடந்து போனவர் எந்த இன்சூரன்ஸும் எடுத்திருக்கத் தேவையில்லை, மோதிய வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடே பொறுப்பு. ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.